வருஷத்துக்கொரு கையெழுத்து

வெள்ளைச் சட்டை ஆகாது, படத்தில் ஆள் சுவரோடு சுவராகக் கரைந்துபோவீர்கள் என்று மனைவி தவமலர் சொல்லிவிட்டதால் ஆவுடையப்பன் போன தீபாவளிக்கு எடுத்த அரக்கு நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். மலேசியாவில், ஈப்போ நகரின் பதிவு அலுவலகம் காலையிலேயே நிறைந்துவிட்டது. பிணைத்துப் போட்ட இரும்பு நாற்காலிகளில் மூன்றாவது வரிசையின் நடுவில், தவமலருக்கு வலது பக்கம் உட்கார்ந்து, கையிலிருந்த நம்பர் சீட்டை அவன் திரும்பத் திரும்பப் பார்த்தான், தான் பார்க்காத நேரத்தில் நம்பர் மாறிவிடும் என்பது போல. மாறவில்லை. மூவாயிரத்து நாற்பத்தொன்று. சட்டைக் காலர் பின்கழுத்தில் உறுத்தியது, ஏர்கான் காற்று நேராக உச்சந்தலையில் இறங்கியது. இன்றைக்கு ஒன்றுமே இல்லை, நிரந்தரவாசிகளுக்குத் தருகிற சிவப்பு அடையாள அட்டைக்கு, அந்தச் சிவப்பு ஐசிக்கு மனு கொடுக்க வேண்டும், பெருவிரலைப் பதிக்க வேண்டும், படம் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் என்று தவமலர் காரில் வரும்போது சொன்னாள். சொல்லிவிட்டு, சிக்னலில் நின்றபோது மறுபடியும் ஒருதரம் சொன்னாள். அனுமதிதான் கிடைத்தாகிவிட்டதே. அந்தத் தகவல் வந்த அன்று அவன் சமையற்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தான். கூடத்திலிருந்து மகள் நிறைமதி, "அப்பா, நீங்க பாஸாயிட்டீங்க!" என்று கத்தினாள், பரீட்சை முடிவு மாதிரி. அவன் கீரையை முழுக்க ஆய்ந்து முடித்துவிட்டுத்தான் எழுந்தான். பக்கத்தில் தவமலர் கைப்பையை மடியில் நிறுத்திவைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று ராத்திரி முழுக்க அவளுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. வார்டுக்குப் பொறுப்பான மூத்த தாதி. விடிந்து வீட்டுக்கு வந்து, குளித்து, சேலை மாற்றி, ஒரு கோப்பியோடு கிளம்பிவிட்டாள். நீ வர வேண்டாம், இந்தத் தடவை உன் கையெழுத்து வேண்டியதில்லை என்று அவன் சொன்னதை அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

வலது பக்கத்து நாற்காலியில் இருந்தவர் லோரி ஓட்டுபவராம், பெயர் அந்தோணிமுத்து, கம்பாரில் வீடு. அவராகவே சொன்னார். ஐசி தொலைந்துபோயிற்று, புதுசு வாங்க வந்திருக்கிறார். "மூணாவது தடவ லா," என்று இந்த ஊர்ப் பேச்சின் லாவைச் சேர்த்துச் சிரித்தார், "மொத தடவ ஆத்துல மீன் பிடிக்கப் போயி விழுந்துச்சு. ரெண்டாவது தடவ சட்டையோட வாஷிங் மெஷின்ல போட்டேன், அது ரெண்டா மடிஞ்சு வந்துச்சு. இந்தத் தடவ எங்க விட்டேன்னே தெரியல. நம்ம மூஞ்சி அதுக்குப் பிடிக்கல போல." பிறகு, "உங்களுக்கும் காணாமப் போச்சா?" என்று கேட்டார். இல்லை, புதுசாக எடுக்கிறோம் என்று ஆவுடையப்பன் சொன்னான். இந்த வயசிலா என்பது போல அவர் பார்த்தார், பிறகு இவன் பேச்சிலிருந்த இழுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஓ, ஊர்லருந்து வந்தவங்களா, நல்லது நல்லது," என்றார். அவருக்கு அதற்கு மேல் ஆர்வமில்லை, கைப்பேசியில் கால்பந்து பார்க்கத் தொடங்கிவிட்டார். ஆற்றில் விடுகிறார், மெஷினில் போடுகிறார், எங்கே விட்டோம் என்றே தெரியாமல் விடுகிறார். ஆவுடையப்பனுக்குப் பொறாமையாக இருக்க வேண்டும், ஆனால் இல்லை. அவர் மேல் ஒரு பிரியம்தான் வந்தது. மனிதன் தன் சொந்த நாட்டில் அப்படித்தான் இருப்பான், தன் வீட்டில் சட்டையைக் கழற்றி எங்கோ எறிகிற மாதிரி. ஆவுடையப்பன் தன் கடப்பிதழை ஒருநாளும் எறிந்ததில்லை. அலமாரியில், துணிகளுக்கு அடியில், பிளாஸ்டிக் உறைக்குள், அதற்கு மேல் இன்னொரு உறைக்குள். பாஸ்போர்ட்டை இங்கே தமிழர்கள் கடப்பிதழ் என்கிறார்கள் என்று வந்த புதிதில் தெரிந்துகொண்டபோது அந்தச் சொல் அவனுக்குப் பிடித்துப்போயிற்று, எதையோ கடந்து வந்துவிட்டோம் என்று அதுவே ஆறுதல் சொல்வது போல. கடந்து வந்து எங்கே நிற்கிறோம் என்பதை மட்டும் அது சொல்லாது. ஒவ்வொரு வருஷமும் ஒரு முத்திரை, இன்னும் ஒரு வருஷம் நிற்கலாம் என்று. அந்த வருஷம் முடிகிற மாதம் நெருங்கினால் அவனுக்குச் சோறு இறங்காது. நிறைமதி சின்னவளாக இருந்தபோது கேட்டாள், "அப்பா, நீங்க லைப்ரரி புக்கா? வருஷா வருஷம் திருப்பிக் காட்டணுமா?" அவன் ஆமாம் என்றான். குழந்தை சிரித்தாள். அவனும் சிரித்தான். அன்றைக்கு ராத்திரி அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தான், ஆனால் அதிலும் வருத்தத்தைவிட, இவள் எப்படி இவ்வளவு சரியாகச் சொன்னாள் என்ற பெருமைதான் கூட.

திரையில் நம்பர் மாறியது. ஒரு பெண்குரல் மலாயில் எண்களை ஒவ்வொன்றாக உதிர்த்தது, தீகா, கோசோங், டூவா, லீமா. எண்கள் அவனுக்கு அத்துப்படி. மலாய் அவன் மகளிடமிருந்து கற்றது. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுண்டரில் நின்றவன் அவன். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, பார்மசி படித்து, வெள்ளைக் கோட்டு போட்டு நின்றவன். தவமலரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்ததும் கடப்பிதழில் முத்திரையோடு வேலை செய்யலாகாது என்று ஒரு வரியும் சேர்ந்து விழுந்ததால் வீட்டில் இருந்தான். தவமலர் டியூட்டிக்குப் போனாள், அவன் கைக்குழந்தையைக் குளிப்பாட்டினான், பால் காய்ச்சினான், பிறகு அது பாலர் பள்ளிக்குப் போய்க் கொண்டுவந்த படப் புத்தகங்களை அதோடு சேர்ந்து படித்தான். அதனால் அவனுக்கு மலாயில் முயல் தெரியும், ஆமை தெரியும், வெட்டுக்கிளி தெரியும், வானவில் தெரியும். மனு என்பதற்கு என்ன சொல் என்று தெரியாது. விசா தருகிற குடிநுழைவு அலுவலகத்தில் யாராவது வெட்டுக்கிளியைப் பற்றிக் கேட்டிருந்தால் அவன் அருமையாகப் பதில் சொல்லியிருப்பான். அவர்கள் கேட்டது வேறு. முதல் வருஷம், அந்தக் கவுண்டரில் ஓர் அம்மா அவன் முகத்தைப் பார்த்து, "இஸ்திரி மானா?" என்றாள். அவன் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். கசங்கித்தான் இருந்தது, பஸ்ஸில் வந்தது. இந்த நாட்டில் இதைக்கூடவா கேட்பார்கள் என்று கூசிப்போய்ச் சட்டையை நீவி விட்டான். பின்னாலிருந்து தவமலர் ஓடிவந்து, "நான்தான், நான்தான்," என்று தமிழிலேயே சொன்னாள், பிறகு மலாயில் சொன்னாள். இஸ்திரி என்றால் இங்கே மனைவியாம். உங்கள் மனைவி எங்கே என்று கேட்டிருக்கிறாள். அதே அம்மா அடுத்து இவனைக் காட்டி, "சுவாமி?" என்று தவமலரிடம் கேட்டபோது, நம்மைப் பார்த்து ஏன் சாமி என்கிறாள், திருநீறு கூடுதலாக வைத்துவிட்டோமோ என்று அவன் நெற்றியைத் துடைத்தான். அது கணவனாம். தவமலர் சிரித்த சிரிப்பில் கவுண்டர்காரம்மாவும் காரணம் தெரியாமலே சேர்ந்து சிரித்தாள். அன்று படிக்கட்டில் இறங்கும்போது தவமலர், "என் சுவாமி, வாங்க லா, இஸ்திரி பசியில செத்துருவா," என்றாள். இன்றைக்கும் வீட்டில் துணி மடிக்கும்போது அவள் அதைச் சொல்வதுண்டு. ஆவுடையப்பன் இப்போது அதை நினைத்துத் தனக்குள் சிரித்தான், உடனே சுற்றிலும் பார்த்தான். அலுவலகத்தில் சிரித்தால் யாராவது தப்பாக நினைப்பார்களோ என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. சுத்தமான ஆளுக்கு எதற்குப் பயம் என்பார்கள். சுத்தமான ஆளுக்குத்தான் பயம், கெட்டவனுக்கு ஏது.

வருஷத்துக்கொரு தடவை இரண்டு பேரும் குடிநுழைவு அலுவலகத்தில் போய் நிற்க வேண்டும். அவன் போனால் மட்டும் போதாது, உள்நாட்டு மனைவி கூட வந்து, இவர் என் கணவர்தான், இவருக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட வேண்டும். இன்னும் சேர்ந்துதானே வாழ்கிறீர்கள் என்று கேட்பார்கள். ஆமாம் என்பாள். அவ்வளவுதான். அதற்காகத் தவமலர் ஒவ்வொரு வருஷமும் லீவு போட்டாள், கல்யாண நாளுக்குக்கூட லீவு போடாதவள். ஒரு வருஷம் இருவரும் பேசிக்கொள்ளாமல் இருந்த சமயம். எதற்குச் சண்டை? அவனுக்கு இப்போது நினைவுக்கு வரவில்லை. அவள் தம்பி வீட்டு விருந்தில் யாரோ இவனைப் பார்த்து, மாப்பிள்ளை சம்பாதிக்கிறாரா, சமைக்கிறாரா என்று கேட்டதும், இவன் பாதியில் எழுந்து வந்ததும், அது தொடங்கிய இடம். அல்லது அது வேறு சண்டையோ. பல நாட்களாக மகள் வழியாகத்தான் பேச்சு, அம்மாகிட்ட சொல்லு, அப்பாகிட்ட கேளு. அந்த நேரம் பார்த்துத் தேதி வந்தது. காரில் ஒரு வார்த்தை இல்லை. வரிசையில் ஒரு வார்த்தை இல்லை. கவுண்டரில் இருந்த இளைஞன் வழக்கம் போல, இன்னும் சேர்ந்துதானே என்றான். ஆவுடையப்பன் அவள் வாயையே பார்த்தான். இல்லை என்று அவள் சொல்லிவிட்டால், ஒரே ஒரு சொல், அத்தோடு விமானம்தான். அவள் சொல்ல மாட்டாள் என்று தெரியும். தெரிந்தும் அந்தக் கணத்தில் தெரியவில்லை. அவள் முறைத்த முகம் முறைத்தபடியே, "யா," என்றாள், பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். அந்த வருஷத்துக் கையெழுத்து அழுத்திப் போட்டதில் அடுத்த தாளிலும் பதிந்திருந்தது. வெளியே வந்து கார் கதவைத் திறக்கும்போது சொன்னாள், "ஊருல எத்தனையோ புருஷன் பொண்டாட்டி இருக்காங்க. அவங்கள யாராச்சும் வருஷா வருஷம் கூப்பிட்டு இன்னும் சேந்துதான் இருக்கீங்களான்னு கேக்குறாங்களா? நம்மள மட்டும் கேக்குறாங்க. நானும் ஒவ்வொரு வருஷமும் ஆமான்னு சொல்றேன். அதுக்கு மேல என்னங்க வேணும் உங்களுக்கு?" அன்றைக்குச் சாயங்காலம் அவளுக்குப் பிடித்த நெத்திலி சம்பல் செய்தான், காரம் கூடிவிட்டது, அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே முழுவதையும் தின்றாள். இப்போது நினைத்தால் அது சரியான கேள்வியாகத்தான் படுகிறது. வருஷத்துக்கு ஒருதரம் அரசாங்கத்தின் முன்னால் நின்று அவள் அவனைக் கட்டிக்கொண்டாள். இனி யாரும் கேட்க மாட்டார்கள். சிவப்பு ஐசி வந்துவிட்டால் அவனாகவே இங்கே இருக்கலாம், அவள் கையெழுத்து இல்லாமல். அதுதான் இத்தனை வருஷம் வேண்டியது. அதுதான் கிடைத்துவிட்டது. ஆனாலும் எங்கோ ஒரு இடத்தில், சட்டைக் காலர் உறுத்துகிற மாதிரி ஒன்று. என்ன அது? யாரும் கேட்காவிட்டால் அவள் எப்போது ஆமாம் என்பாள்?

சீ, என்ன நினைப்பு இது. அவன் தலையை உதறிக்கொண்டு திரையைப் பார்த்தான். இன்னும் ஆறேழு பேர். கோலாலம்பூர் விமான நிலையத்தில் வரிசை இரண்டாகப் பிரியுமே, அதுவும் இனி பிரியாதா? மலேசியர்களுக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு ஒரு பக்கம். அவன் தம்பி கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்த் திரும்பியபோது நிறைமதிக்கு நாலு வயது இருக்கும். தவமலரும் அவளும் அந்தப் பக்கம் சீக்கிரம் முடித்துப் போய்விட்டார்கள், இவன் வரிசை அனுமார் வால். கண்ணாடிக்கு அப்பால் குழந்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்று இவனைப் பார்த்தது, கையாட்டியது, பிறகு ஆட்டுவதை நிறுத்திவிட்டு வெறுமே பார்த்தது. அந்தப் பார்வை. அதன் பிறகு இவன் விமானத்தில் எங்கும் போகவில்லை. போகாததற்கு வேறு காரணம் சொன்னான், டிக்கெட் விலை, மகள் படிப்பு, மழை. சிவப்பு அட்டைக்காரர்கள் எந்த வரிசையில் போவார்கள் என்று யாரிடமாவது கேட்க வேண்டும். வலது பக்கத்து அந்தோணிமுத்துவைக் கேட்கலாமென்றால் அவர் நம்பர் வந்து, "வரேங்க, அடுத்த தடவ தொலைச்சா மறுபடி பாப்போம்," என்று எழுந்து போய்விட்டார். ஆவுடையப்பன் தவமலரைக் கேட்டான், "ஏ மலரு, ஏர்போர்ட்ல நான் இனி உன்கூட வரலாமா, இல்ல அந்த வரிசைதானா?" அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "எந்த வரிசைன்னா என்னங்க, நான் உங்க வரிசைக்கு வந்துட்டாப் போச்சு. மலேசியாக்காரங்க அந்த வரிசையில நிக்கக் கூடாதுன்னா எழுதியிருக்கு?" என்றாள். இத்தனை வருஷத்தில் இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று அவன் யோசித்தான். அவள் கண்கள் சிவந்திருந்தன, இமைக்கு அடியில் கறுப்பு. தூங்கேன் கொஞ்ச நேரம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். "ஆபிஸ்ல வந்து யாராச்சும் தூங்குவாங்களா," என்றாள். உண்மைதான், அவள் தூங்கியதில்லை. எந்த அலுவலகத்திலும் அவன் நினைத்துக்கொண்டும் நடுங்கிக்கொண்டும் இருப்பான், அவள் விழித்துக்கொண்டிருப்பாள். நம்பர் தவறிவிடக் கூடாது, பெயரைத் தப்பாகக் கூப்பிட்டால் தெரிய வேண்டும், யாராவது முந்தினால் கேட்க வேண்டும். காவலுக்கு நிற்கிறவள் மாதிரி.

அவளுக்கு ஆபரேஷன் நடந்த அன்றைக்குக்கூட அப்படித்தானே. ஆறு வருஷம் முந்தி, வயிற்றில் கட்டி, எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார்கள், அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே. பச்சைத் துணி போர்த்தி, தலையில் தொப்பி மாட்டி, தள்ளுவண்டியில் கொண்டுபோகிறார்கள். அவன் கூடவே நடக்கிறான். முருகா என்றுதான் வாயில் வருகிறது. அவள் அவன் விரலைப் பிடித்து இழுத்தாள். குனிந்தான். ஏதோ முக்கியமாகச் சொல்லப்போகிறாள், மகளைப் பற்றி, நகையைப் பற்றி. அவள் சொன்னாள், "என்னங்க, உங்க விசா பாஸ் மார்ச் மாசம் முடியுது. அதுக்குள்ள நான் எழுந்திருச்சு வந்துருவேன். வர முடியலன்னா நீங்க பயந்துகிட்டு வீட்டுக்குள்ள ஒளிஞ்சுகிட்டு இருக்காதீங்க. நேரா ஆபிஸுக்குப் போயி சொல்லிடுங்க. நம்ம நிறைமதியக் கூட்டிக்கிட்டுப் போங்க, அவ நல்லா மலாய் பேசுவா." அவனுக்குக் கோபம் வந்துவிட்டது, "வாய மூடு நீ," என்றான். வண்டி தள்ளிய மலாய்த் தாதிக்குத் தமிழ் தெரியாது, தொனி தெரிந்தது, இருவரையும் பார்த்துச் சிரித்தாள். கதவு மூடியது. அதற்குப் பிறகு அந்த நீள நடையில், ஒன்பது வயது மகள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்க, அவன் உட்கார்ந்திருந்தது எவ்வளவு நேரமென்று தெரியாது. அவள் போய்விட்டால். அந்த வாக்கியத்தை மனசு முடிக்காது. அவள் போய்விட்டால், அங்கே வந்து முட்டி நிற்கும், திரும்பி வரும், மறுபடி முட்டும். அவள் போய்விட்டால் குழந்தை இந்த நாட்டுக்காரி, அவன் யார்? அவள் வழியாகத்தான் அவன் இந்த ஊரில் இருந்தான். சந்தை, கோயில், பள்ளிக்கூடம், பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் தரும் பப்பாளி, எல்லாமே அவள் கையெழுத்தின் மேல் நின்றது. மறுபடியும் விமான நிலையத்துக் கண்ணாடி, அப்பால் கையாட்டுகிற குழந்தை. மகள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, "அப்பா, வானவில்லுக்கு எத்தனை நிறம்?" என்றாள். அவனுக்கு வானவில்லுக்கு மலாயில் என்ன என்று நினைவிருந்தது, நிறம்தான் மறந்துபோயிருந்தது. பிறகு கதவு திறந்தது. கட்டி கெட்டதில்லை. மயக்கம் தெளிந்து அவள் கேட்ட முதல் கேள்வி, "மார்ச் ஆயிருச்சா?"

"தீகா, கோசோங், அம்பாட், சாத்து." குரல் அவன் நினைப்பை நடுவில் வெட்டியது. நாற்பத்தொன்று, ஏழாம் கவுண்டர். தவமலர்தான் முதலில் எழுந்தாள். அவன் எழுந்தான். ஏழாம் கவுண்டரில் முக்காடு போட்ட ஒரு சின்னப் பெண், அவன் மகளைவிடப் பத்து வயசு கூட இருந்தால் அதிகம், புன்னகைத்து உட்காரச் சொன்னாள். ஒரே ஒரு நாற்காலி. தவமலர் பழக்கத்தில் பையைத் திறந்து பேனாவை வெளியே எடுத்துவிட்டாள். அந்தப் பெண் மரியாதையாக, ஐயா மட்டும் போதும், அம்மா அங்கே உட்காரலாம் என்று மலாயில் சொன்னாள். தவமலர் பேனாவோடு ஒரு கணம் நின்றாள். "ஓ," என்றாள். "ஆமால்ல." பிறகு அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, "தைரியமாப் பேசுங்க, தெரியலன்னா திரும்பக் கேளுங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். அவள் போவதை அவன் திரும்பிப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் ஒரு கவுண்டரிலிருந்து அவள் அப்படிப் பின்வாங்கிப் போய் அவன் பார்த்ததில்லை. அந்தப் பெண் அவன் பெயரை வாசித்தாள். ஆவு, என்று தொடங்கி, டை, என்று மூச்சு வாங்கி, யாப்பான் என்று முடித்தாள், ஏதோ ஜப்பானியன் பெயர் மாதிரி இருந்தது. சரியா ஐயா என்றாள். சரி என்றான். சுடலைமுத்து மகன், சரியா? சரி. பிறந்த ஊர்? சங்கரன்கோவில் என்று அவன் சொல்ல, அவள் கடப்பிதழைப் பார்த்து ஓர் எழுத்து ஓர் எழுத்தாகத் தட்டினாள். அது ஒரு கோயிலா என்று கேட்டாள். கோயிலும் உண்டு, ஊரும் உண்டு என்றான். பெரியதா? கோயில் பெரிது, ஊர் அவ்வளவு இல்லை. அவள் சிரித்தாள். வேலை? ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஸ்டோர் கீப்பர். வேலை செய்யலாம் என்ற அனுமதி வந்தபிறகு சேர்ந்த கடை, சீன முதலாளி, பத்து மைல் தள்ளி. அதைச் சொன்னபோது அதற்கு முந்திய வருஷங்களெல்லாம் சமையற்கட்டு வாசலில் வந்து எட்டிப் பார்த்தன. அவற்றையும் சொல்லலாம் போலிருந்தது. இவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான், பிள்ளை வளர்த்தேன் என்று, அதை மலாயில் சொல்லக்கூட அவனுக்குத் தெரியும். மனைவி பெயர்? சொன்னான். எங்கே? மூன்றாவது வரிசை என்று கையைக் காட்டினான். அந்தப் பெண் எட்டிப் பார்த்துத் தலையசைத்தாள், அவ்வளவுதான். இன்னும் சேர்ந்துதானே வாழ்கிறீர்கள் என்று கேட்கவில்லை. அவன் கொஞ்சம் காத்திருந்தான். கேட்கவில்லை.

பெருவிரலைக் கண்ணாடியில் வைக்கச் சொன்னாள், முதலில் வலது, பிறகு இடது. பச்சை வெளிச்சம் விரலுக்கு அடியில் ஊர்ந்தது. பிறகு படம். கேமராவைப் பாருங்கள் ஐயா, நிமிருங்கள், தோளைத் தளர்த்துங்கள். பார்த்தான். "ஜாங்கான் சென்யூம்," என்றாள். சிரிக்கக் கூடாது. தான் சிரிப்பதே அப்போதுதான் ஆவுடையப்பனுக்குத் தெரிந்தது. உதட்டை இறுக்கினான். அவள் கேமராவைத் தொடப்போகிற நேரத்தில் அது மறுபடியும் பிரிந்தது. மன்னிக்க வேண்டும் என்றான். பரவாயில்லை என்றாள். மறுபடியும். வாய் சொன்னபடி கேட்கவில்லை, தண்ணீருக்குள் அமுக்கிய பந்து மாதிரி கையை எடுத்தால் மேலே வருகிறது. எதையாவது சோகமாக நினைக்க வேண்டும், அப்போதுதான் முகம் நிற்கும். எது சோகம்? விமான நிலையத்துக் கண்ணாடி. நினைத்தான், உடனே, நான் உங்க வரிசைக்கு வந்துட்டாப் போச்சு என்று குரல் கேட்டது, போச்சு, சிரிப்பு. விருந்தில் கேட்ட கேள்வியை நினைத்தான், நெத்திலி சம்பலின் காரத்தில் அவள் மூக்கு சிவந்தது ஞாபகம் வந்தது. சரி, ஆஸ்பத்திரி நடை, அந்த மூடிய கதவு, அதற்கு மேல் சோகம் என்ன இருக்கிறது? நினைத்தான். கதவு மூடியது, நல்லது, முகம் நின்றது, அந்தப் பெண் தயாரானாள். கதவு திறந்தது. மார்ச் ஆயிருச்சா? ஆவுடையப்பன் வாய்விட்டே சிரித்துவிட்டான். பக்கத்துக் கவுண்டர்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். இந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள், முக்காட்டின் நுனியால் வாயை மூடிக்கொண்டாள். என்ன ஐயா, இவ்வளவு சந்தோஷமா என்றாள். ஆமாம் என்று சொல்ல நினைத்தவனுக்குச் சட்டென்று மலாய்ச் சொல் எதுவும் வரவில்லை, வெட்டுக்கிளி, ஆமை, முயல் என்று எல்லாம் வரிசையாக வந்து நின்றன. "யா," என்றான். அது போதுமாக இருந்தது. மறுபடி ஒருதரம் முயன்றார்கள். படம் விழுந்தது. திரையைத் திருப்பிக் காட்டினாள், சரியா என்று. அரக்குச் சட்டையில், காதோரம் நரைத்த ஒருவன், சிரிப்பை அப்போதுதான் விழுங்கிவிட்டு இன்னும் அது கண்ணில் தங்கியிருக்க, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். கடப்பிதழில் இருக்கிறவன் பயந்த சாயல்காரன். இவனை இதற்கு முன்னால் எந்த அலுவலகமும் பார்த்ததில்லை. சரி என்றான். அட்டை வரும்வரை இது என்று ஒரு சீட்டைக் கொடுத்து, பத்திரம் என்று சொன்னாள். அவன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான், ஓர் உறையும் இல்லாமல்.

இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டே திரும்பினான். தவமலரிடம் என்ன சொல்வது? முடிந்துவிட்டது என்றா? உன் கையெழுத்து இனி வேண்டாம் என்றா? அது எப்படிச் சொன்னாலும் ஒரு மாதிரிதான் இருக்கும். சிரிக்காமல் படம் எடுக்க முடியவில்லை என்று அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், அவள் கேட்பாள், ஏன் சிரிச்சீங்க என்று, அதிலிருந்து பேச்சு தானாகப் போகும். நாற்காலிகளுக்கு நடுவே நடந்து மூன்றாவது வரிசைக்கு வந்தவன் நின்றான். தவமலர் தூங்கிக்கொண்டிருந்தாள். தலை ஒருபுறம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, கைப்பை மடியிலிருந்து சரிந்து நாற்காலிக்கும் இடுப்புக்கும் நடுவில் கிடந்தது. அவளுக்கு எதிரே திரையில் நம்பர்கள் மாறின, குரல் எண்களை உதிர்த்தது, ஒரு குழந்தை கீச்சென்று கத்தியது, அவள் அசையவில்லை. அவன் சத்தமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தான். பையை எடுத்துத் தன் மடியில் நிறுத்தி வைத்துக்கொண்டான். எழுப்பலாமா? எழுப்பினால் வீட்டுக்குப் போய்க் கட்டிலில் தூங்கலாம், வழியில் பசியாறலாம், தோசைக் கடை திறந்திருக்கும். ஆனால் எழுப்ப மனம் வரவில்லை. வேலை முடிந்துபோன ஓர் அலுவலகத்தில், அழைக்கப்பட வேண்டிய நம்பர் எதுவும் கையில் இல்லாமல், மற்றவர்களுடைய முறைகள் ஒவ்வொன்றாக வந்து போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஏர்கான் காற்று அவள் பக்கம் அடிக்காதபடி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து, இங்கே ஆள் இருக்கிறதா என்று சைகையில் கேட்டாள். இல்லை, உட்காருங்கள் என்று அவனும் சைகையில் சொன்னான். அந்த அசைவில் தவமலரின் தலை சரிந்து அவன் தோளில் வந்து விழுந்தது. அவள் கண்ணைத் திறக்காமலே, தூக்கத்தின் அடியிலிருந்து கேட்டாள், "என்னங்க, நம்பர் வந்துருச்சா?"

"இன்னும் வரல," என்றான் ஆவுடையப்பன். "நீ தூங்கு. நான் பாத்துக்கிடுதேன்."